மறைமலை நகரில் வீடு தேடுறதுக்கு முன்னாடி: 'என்.எச்.1' கதை

அப்பா அம்மாவை ஊரிலிருந்து கூட்டிட்டு வரணும்னு ரெண்டு மாசமா வீடு தேடுறேன். தாம்பரமா, கூடுவாஞ்சேரியா, மறைமலை நகரான்னு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே போட்டாச்சு. வாடகை, அட்வான்ஸ், ரயில், தண்ணி எல்லாம் எழுதியும் முடிவு வரலை. ஜி.எஸ்.டி. ரோட்டில் வாடகை தூரத்தை மட்டும் பார்த்து ஏறி இறங்குவதில்லை. அதுக்குள்ளே ஒரு பழைய கதை இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

முதல்ல ஒரு குழப்பம். மறைமலை நகர் வீட்டு விளம்பரங்களில் என்.எச்.1, என்.எச்.2 என்று போட்டிருக்கும். நான் அதை நேஷனல் ஹைவேன்னு நினைச்சு, லாரி சத்தம் வேண்டாம் என்று ரெண்டு வீட்டைத் தள்ளிவிட்டேன். அது ஹைவே இல்லைங்க, நெய்பர்ஹுட்! வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர் பெயரில் இருக்கும் ஊருக்கு இப்படி ஒரு விலாசம். (இவ்வளவு இங்கிலீஷ் கலந்து பேசுற நான் சிரிக்கக் கூடாதுதான்.)

ஆனா அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கு. 1929-ல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் ஒரு யோசனை சொன்னார். நடுவில் ஒரு பள்ளிக்கூடம், ஓரத்தில் கடைகள். எந்தக் குழந்தையும் பெரிய ரோட்டைத் தாண்டாமல் நடந்தே பள்ளிக்குப் போகணும். சண்டிகர் செக்டார்களுக்குப் பின்னாலும் இந்த யோசனை உண்டு. 1980-ஐ ஒட்டி சி.எம்.டி.ஏ. மறைமலை நகரைத் துணை நகரமாக உருவாக்கியபோது நோக்கம் இன்னும் பெரியது. அப்போதைய பெருநகர எல்லைக்கும் வெளியே, தாம்பரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி, வீடும் வேலையும் ஒரே ஊரில் இருக்கணும். யாரும் தினமும் சென்னைக்கு ஓட வேண்டாம்.

தாம்பரம் அப்படியே நேர்மாறு. 1931-லேயே பீச்சிலிருந்து மின்சார ரயில் வந்துவிட்டது. வேலை சென்னையில், தூக்கம் தாம்பரத்தில். இன்னைக்கும் நிறைய ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு அந்த 1931-க்குத்தான் போகுதுன்னு வெச்சுக்கலாம்.

மனை பிரிக்கிறது சுலபம், வேலையைக் கொண்டுவந்து வைக்கிறதுதான் கஷ்டம். மறைமலை நகருக்கு அந்தப் பெரிய வேலை 1990-களில் ஃபோர்டு ரூபத்தில் வந்தது. 1999-ல் ஐகான் கார் வெளியே வந்தது. பக்கத்திலேயே பொத்தேரியில் கணக்கு வேற. அங்கே காலேஜ் பசங்க தலைக்கு இவ்வளவுன்னு பங்கு போடுறாங்க. ஆறு பேர் சேர்ந்து கொடுக்கிற வாடகையோடு ஒரு சம்பளத்துக் குடும்பம் போட்டி போட முடியாது. தூரம் கூடியும் வாடகை குறையாத மர்மம் இதுதான்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது; 2022 ஜூலையில் கடைசி கார். 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பப் பயன்படுத்த விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு ஆலை கேட்டை நம்பி வீட்டுக் கடன் வாங்கினவருக்கு அந்த இடைவெளி எப்படி இருந்திருக்கும்? வீடும் வேலையும் ஒரே ஊரில் என்ற பிளானில் இந்த எட்ஜ் கேஸை யாரும் எழுதலை. அதனால இப்போதைக்கு நான் வாடகைப் பக்கம்தான், வாங்குற பேச்சே இல்லை.

அட்வான்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் 3 மாத வாடகைதான் என்கிறது. ஆனா இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலாம் என்ற கதவும் அதே பிரிவில் இருக்கு. 12,000 வாடகைக்கு 36,000 எங்கே, பழைய பத்து மாதக் கணக்கில் 1,20,000 எங்கே? கையெழுத்துக்கு முன்னாடி பேசிடுங்க.

தள்ளிவிட்ட அந்த ரெண்டு வீட்டுக்காக நேத்து புரோக்கர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒன்னு போயிடுச்சாம். "இன்னொன்னு இருக்கு தம்பி, ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்றார். அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். மளிகைக் கடை வரைக்கும் அவங்க நடந்து பார்க்கட்டும்.