பல்மாரிஸ் லாங்கஸ் தசை

மேற்கை எலும்பின் கீழ்முனையில், உட்பக்கப் புடைப்பில் தொடங்கி, உள்ளங்கையின் நார்ப்படலத்தில் சேரும் மெல்லிய முன்கைத் தசை. சதைப்பகுதி குட்டை, எஞ்சிய நீளம் முழுவதும் தசைநாண். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு மணிக்கட்டைச் சற்று மடக்கினால், நாண் தோலுக்கடியில் கயிறுபோல் புடைத்தெழும். சிலருக்கு இது இரு கைகளிலும் இருக்காது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லாதோரின் பிடிவலிமை குறைவதாகத் தெரியவில்லை. ஆகவே இது இல்லாமையை ஊனம் என்பது தவறு.

இத்தசை எல்லோருக்கும் இருப்பதில்லை என்பதை இத்தாலிய உடற்கூறியலாளர் ரியால்டோ கொலம்போ 1559இல் வெனிஸில் அச்சான தம் நூலிலேயே குறித்தார். ஆயினும் இத்தகைய வேறுபாடுகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜான் வுட் 36 உடல்களில் 558 தசை வேறுபாடுகளைப் பதிவு செய்தார். மனிதனின் தோற்றம் பற்றிய 1871ஆம் ஆண்டு நூலில் டார்வின் அந்த எண்ணிக்கையை எடுத்தாண்டார். பாடநூல் படம் காட்டும் உடல் பலவற்றுள் ஒன்றே என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மேலே சொன்ன விரல் சோதனை, 1909இல் இத்தசையை ஆராய்ந்த அமெரிக்கர் ஷேஃபரின் பெயரால் வழங்குகிறது. 1944இல் வெளிவந்த, இத்தசை பற்றிய ரைமான் என்பவரின் ஆய்வு 1600 கைகளை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 13 விழுக்காட்டில் தசை இல்லை. கிழக்காசியர்களிடையே இவ்விகிதம் மிகக் குறைவு. இரட்டைத் தசையும் உண்டு. சதை மணிக்கட்டுப் பக்கம் அமைந்த தலைகீழ் வடிவமும் உண்டு. பின்னது சிலரிடம் மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பை அழுத்தும்.

எடுத்தாலும் கைக்கு இழப்பில்லை என்பதால் இந்த நாண் அறுவை மருத்துவர்களுக்கு அரிய கொடையானது. 1974இல் பேஸ்பால் பந்துவீச்சாளர் டாமி ஜானின் இடது முழங்கைத் தசைநார் கிழிந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவரது வலக்கை நாணை எடுத்துப் பொருத்தினார். 1976இல் களம் திரும்பிய ஜான், அதன்பின் 164 ஆட்டங்களை வென்றார்.

ஆனால் இந்த நாணுக்கு அடியிலேயே மீடியன் நரம்பு ஓடுகிறது. நாண் இல்லாத கையில், மணிக்கட்டின் நடுவே தோலுக்கு மிக அருகில் கிடப்பது அந்த நரம்புதான். அதையே நாண் என்று எண்ணி வெட்டியெடுத்த துயர நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அப்படி நேர்ந்தால் கட்டைவிரலின் இயக்கமும் விரல்களின் உணர்வும் பாழாகும். மயக்கமருந்து கொடுத்தபின் நோயாளியால் தசையை இறுக்கிக் காட்ட இயலாது. எனவே ஷேஃபர் சோதனையை அதற்கு முன்பே செய்து, நாண் செல்லும் கோட்டைத் தோலில் மையால் குறித்துக்கொள்ள வேண்டும்.

கெண்டைக்காலில் பல்மாரிஸ் லாங்கஸுக்கு இணையானது பிளான்டாரிஸ்; இதுவும் எல்லோருக்கும் இருப்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைச் சீராக்க, பிளான்டாரிஸின் நீண்ட நாணை எடுத்து ஒட்டினார்.