நகர வானொலியில் குடிமக்கள் குரல்: நியூயார்க் உரையாடல் நிகழ்ச்சி ஒன்றின் வரலாறும் மொழியும்

முன்னுரை

வானொலியில் பேச்சு என்பது நெடுங்காலம் எழுதிப் படிக்கப்பட்ட பேச்சாகவே இருந்துவந்தது. அறிஞர் ஒருவர் எழுதிக் கொணர்ந்ததை ஒலிவாங்கியின் முன் படிப்பார், நேயர் கேட்பார். தொலைபேசி வானொலியோடு இணைந்த பின்னரே கேட்பவர் பேசுபவராகும் வாய்ப்புப் பிறந்தது. செய்தி, அரசியல், பண்பாடு ஆகியவற்றை நேயரோடு சேர்ந்து விவாதிக்கும் உள்ளூர் நிகழ்ச்சி என்னும் வகைமை இவ்விணைப்பின் விளைவாகும். அவ்வகைமைக்குச் சான்றாக நியூயார்க் நகரின் டபிள்யூ.என்.ஒய்.சி. நிலையத்தில் பிரையன் லேரர் நடத்திவரும் நிகழ்ச்சியைக் கொண்டு, அதன் வரலாற்றுப் பின்னணியையும் மொழியமைப்பையும், அதனைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சில சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நகராட்சியின் நிலையம்

இந்நிலையம் 1924 ஜூலை 8 அன்று மன்ஹாட்டனில் உள்ள நகராட்சிக் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. நகர ஆணையர்களுள் ஒருவராகிய குரோவர் வேலன் இதன் தோற்றத்திற்கு முதன்மைக் காரணர். வணிக நிறுவனங்கள் வானொலியைக் கைக்கொண்டிருந்த காலத்தில் நகராட்சி ஒன்று தன் பணத்தில் நிலையம் நடத்த முன்வந்தது குறிப்பிடத்தக்கது.

இந்நிலையம் யாருடைய குரலாக ஒலிக்க வேண்டும் என்னும் வினா தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அன்றைய மேயர் ஜான் ஹைலன் தம் அரசியல் எதிரிகளைத் தாக்குவதற்கு நிலையத்தைப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டு 1925இல் நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய பயன்பாட்டிற்கு நீதிமன்றம் தடை விதித்தது. நகராட்சி வேறு, மேயர் வேறு. மக்கள் பணத்தில் நடக்கும் நிலையம் மேயரின் தனிக் கருவி அன்று என்னும் கொள்கைக்கு இத்தீர்ப்பு வழிவகுத்தது.

சென்னையில் இதற்கு ஓர் இணை உண்டு. நியூயார்க் நிலையம் தொடங்கிய அதே மாதத்தின் இறுதியில், 1924 ஜூலை 31 அன்று, சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் பணமுடையால் அது நின்றுபோக, அதன் ஒலிபரப்பியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் தானே நிலையம் நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டதும் மாநகராட்சியின் பணி முடிவுற்றது. ஒரே காலத்தில் முளைத்த இரு முயற்சிகளுள், ஒன்று நடுவணரசின் அமைப்போடு கலந்தது. மற்றொன்று நகரத்தின் உடைமையாகவே மேலும் அறுபதாண்டு நீடித்தது.

2. பேச்சிலிருந்து உரையாடலுக்கு

லகார்டியா 1933இல் மேயர் தேர்தலில் நின்றபோது, நிலையத்தை மூடிவிடப் போவதாகக் கூறியவர். பதவியேற்ற பின்னர் அவரே அதன் சிறந்த பேச்சாளரானார். 1942 முதல் 1945 வரை ஞாயிறுதோறும் நகர மக்களிடம் அவர் வானொலி வழியே பேசினார். 1945 ஜூலையில் செய்தித்தாள் வழங்குவோர் வேலைநிறுத்தம் செய்தபோது, சித்திரக்கதைகளை அவரே ஒலிவாங்கியில் நடித்துப் படித்துக் காட்டியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. பேச்சு நடையில் நெருக்கம் இருந்தது. எனினும் நேயர் மறுமொழி கூற இயலவில்லை.

1967இல் இயற்றப்பட்ட பொது ஒலிபரப்புச் சட்டம் அமெரிக்காவில் வணிகம் சாராத நிலையங்களுக்கு நடுவண் நிதி கிடைக்க வழி செய்தது. 1970இல் தேசியப் பொது வானொலி அமைப்பு உருவாயிற்று. நேயர் நன்கொடையைத் திரட்ட 1979இல் டபிள்யூ.என்.ஒய்.சி. அறக்கட்டளை நிறுவப்பட்டது.

மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என ஒலிபரப்பாளரைக் கட்டுப்படுத்திய நெறி 1987இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. ஒரு சார்பாகவே வாதிடும் அந்நிகழ்ச்சி பெருவெற்றி பெற்றுப் பிறரும் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. இச்சூழலில்தான் 1989இல் லேரர் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதன் முதற்பெயர் ‘ஆன் தி லைன்’. பின்னர் அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. வாரநாள்களில் முற்பகல் பத்து மணி முதல் நண்பகல் வரை அது நடைபெறுகிறது. வரம்பு நீங்கிய காலத்தில், சட்டம் விதிக்காத ஒரு வரம்பைத் தாமே மேற்கொண்ட நிகழ்ச்சி என இதனைக் கருதலாம்.

1995இல் மேயர் ஜூலியானியின் ஆட்சி நிலையத்தின் இரு வானொலி உரிமங்களையும் இரண்டு கோடி டாலருக்கு அறக்கட்டளைக்கு விற்க முடிவு செய்தது. 1997இல் உரிமை மாறியது. நகர அரசை விவாதிக்கும் நிகழ்ச்சி, நகர அரசின் உடைமையாக இருக்கும் நிலை அத்துடன் நீங்கியது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வணிக மையக் கோபுரத்தின் மேலிருந்த பண்பலை ஒலிபரப்பி அழிந்தபோதும் மத்திய அலைவரிசை வழியே நிலையம் தொடர்ந்து ஒலித்தது. 2007இல் நேயர்கள் தத்தம் தெருவில் நிற்கும் பெரிய உந்துகளை எண்ணியும், கடைகளில் பாலின் விலையைக் கேட்டறிந்தும் நிகழ்ச்சிக்குத் தெரிவித்தனர். கேட்பவர் செய்தி திரட்டுபவராகவும் மாறியதற்கு இது சான்று. அவ்வாண்டிற்கான பீபாடி விருது இந்நிகழ்ச்சிக்கு வழங்கப்பட்டது.

3. உரையாடலின் மொழியமைப்பு

எர்விங் கோஃப்மன் 1981இல் வெளியிட்ட நூலில் வானொலிப் பேச்சை ஆராய்ந்து, மனப்பாடமாகச் சொல்லுதல், பார்த்துப் படித்தல், அவ்வப்போது சொல்லுருவாக்கிப் பேசுதல் எனப் பேச்சு நிகழ்த்தும் முறைகளை மூன்றாகப் பகுத்தார். எழுதிப் படிக்கும் வானொலி உரை இரண்டாம் வகை. நேயர் பங்கேற்கும் உரையாடல் மூன்றாம் வகை. முன்னதில் தடுமாற்றம் பிழை. பின்னதில் அது பேச்சின் இயல்பு.

தொலைபேசிப் பேச்சில் எடுப்பவரே முதலில் பேசுகிறார் என்னும் ஒழுங்கை ஷெக்லாஃப் 1968இல் விளக்கினார். வானொலியில் இவ்வொழுங்கு சற்றே திரிகிறது. நிகழ்ச்சி நடத்துநர் அழைத்தவரின் முதற்பெயரையும் அவர் வாழும் பகுதியையும் கூறி அவரைப் பேச அழைக்கிறார். ‘நான் யார்’ என அழைத்தவர் கூற வேண்டுவதில்லை. வணக்கம் கூறி நேரே பொருளுக்குச் செல்லலாம். குடும்பப் பெயர், தொழில், பட்டம் ஆகியன நீங்கிப் பெயரும் இடமுமே ஒருவரின் அடையாளமாக எஞ்சுகின்றன. உள்ளூர் நிகழ்ச்சியில் பேசும் உரிமையைத் தருவது வாழிடமே என்பது இவ்வாய்பாட்டில் பொதிந்துள்ளது.

ஹட்ச்பி 1996இல் பிரிட்டானிய வானொலி விவாதங்களை ஆராய்ந்து, அழைத்தவர் முதலில் தம் நிலைப்பாட்டைக் கூற வேண்டியிருப்பதால், இரண்டாவதாகப் பேசும் நடத்துநர்க்கே அதனைத் தாக்கும் வாய்ப்பு வாய்க்கிறது என்றார். இவ்வாய்ப்பைத் தாக்குதலுக்கும் பயன்படுத்தலாம். அழைத்தவரின் கூற்றை வினாவாக்கி விருந்தினரிடம் அனுப்பவும் பயன்படுத்தலாம். லேரரின் நிகழ்ச்சியில் பின்னதே மிகுதி. உரையாடலின் அமைப்பு ஒன்றேயாயினும் அதனால் விளையும் உறவு வேறுபடுகிறது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

மேயர் டி பிளாசியோ தம் ஆட்சிக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இந்நிகழ்ச்சிக்கு வந்து நேயர் வினாக்களுக்கு விடையளித்தார். அத்தகைய உரையாடலைத் தமிழில் தருவோர் முதலில் விளியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழில் ‘நீங்கள்’ என்பது இருவர்க்கும் பொருந்தும். ஆயின், மேயர் ஒரு பெண்ணை முதற்பெயரால் மட்டும் விளிப்பது தமிழில் மரியாதைக் குறைவாகத் தோன்றும். ‘அவர்களே’ எனச் சேர்த்தால் மேடைப் பேச்சாகிவிடும். ஆங்கிலத்தில் சமநிலையைக் காட்டும் வடிவம் தமிழில் ஏற்றத்தாழ்வைக் காட்டுவதாக முடிகிறது. ‘அம்மா’, ‘ஐயா’ என்னும் வழக்குகள் ஓரளவு உதவும்.

‘நேயர்’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லினும் பொருள் மிக்கது. ஆங்கிலம் காதைக் குறிக்கிறது. தமிழ் அன்பைக் குறிக்கிறது. பேசும் நேயரையும் இச்சொல் தடையின்றி ஏற்கிறது.

மிகப் பெரிய சிக்கல் ‘பொது வானொலி’ என்பதில் உள்ளது. ‘பொது’ என்பதற்குச் சிறப்பல்லாதது, எல்லார்க்கும் உரியது எனப் பல பொருள் உண்டு. ‘அரசு வானொலி’ என்று பெயர்த்தால் 1925, 1997 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றின் பொருளே மறைந்துவிடும். ‘மக்கள் வானொலி’ எனின் சமுதாய வானொலியோடு மயங்கும். ‘பொது வானொலி’ என்பதையே ஆண்டு, முதல் வருமிடத்தில் அதன் உடைமைமுறையை ஒரு தொடரில் விளக்குவதே தக்கது.

முடிவுரை

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்பிற்கென முன்னரே ஒதுக்கிய ஏறத்தாழ நூற்றுப்பத்துக் கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிதிக்கழகம் அடுத்த மாதமே தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. நேயர் நன்கொடை மிகுந்த பெருநகர நிலையங்கள் இதனைத் தாங்கக்கூடும். சிற்றூர் நிலையங்களின் நிலை கடினமானது. ஒரு நிலையம் மூடப்படும்போது நின்றுபோவது ஒலிபரப்பு மட்டுமன்று. முன்பின் அறியாதார் பெயரும் ஊரும் சொல்லி, ஆள்வோரை வினவும் பேச்சு வகை ஒன்றும் அவ்வட்டாரத்தில் வழக்கொழிகிறது. மொழியியலார் இவ்வகைப் பேச்சுகளை ஒலிப்பதிவாகவும் எழுத்துப்படியாகவும் தொகுத்து வைப்பது உடனடித் தேவையாகும்.