மிச்சம் வைக்காதே!

போன மாதம் எங்கள் காலனிப் பூங்காவில் சர்க்கரையும் எடையும் பார்க்கும் இலவச முகாம் நடந்தது. வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். எடை மெஷினை விட்டு இறங்கிய ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றேதான்: "நான் சாப்பிடுறதே கொஞ்சம்தான் சார்." நானும் அதையேதான் சொன்னேன்.

அன்று இரவு பேரன் தட்டில் பாதி தயிர்சாதத்தை விட்டுவிட்டு எழுந்துபோனான். என் கை தானாக அந்தத் தட்டை இழுத்துக்கொண்டது. வயிறு நிறைந்திருந்தது, பசி துளியும் இல்லை. "கொஞ்சமா சாப்பிடுறவர் கையைப் பாருங்க" என்று என் மனைவி சிரித்தாள். இந்தக் கைக்கு யார் இப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

கதை நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று 1877-இல் பெரிய சண்டையே நடந்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. இன்று நாம் பாலத்தில் கடந்துபோகும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச கால உழைப்பில் வெட்டப்பட்டதுதான். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு சிந்துவது பாவமாகப்பட்டதில் வியப்பென்ன?

அடுத்தது நாமே பார்த்த காலம். 1965, 66-இல் மழை பொய்த்தது. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கப்பல்களில் வந்த கோதுமையை நம்பி நாடு இருந்தது. அரிசிக்காக ரேஷன் கடையில் பையோடு நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கம் ஆட்சியையே மாற்றியது. பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். எங்கள் வீட்டில் அப்போது ராத்திரிக்குக் கேழ்வரகுக் களிதான். அரிசிச் சோறு பொங்கினால் அன்று விசேஷம். அதனால் கையில் காசு வந்ததும் களியை மறந்தோம். மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்பதுதான் "நன்றாக இருக்கிறோம்" என்பதற்கு அடையாளமாயிற்று.

பசி மனதில் எப்படித் தங்கிவிடுகிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்தார்கள். 1944, 45-இல் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். நாளெல்லாம் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பே. தட்டை நக்கினார்கள்; சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். மறுபடி வயிறாரச் சாப்பாடு போட்டபோது, வயிறு நிறைந்தும் பலருக்குப் போதவில்லை. ஆறு மாதப் பட்டினிக்கே இப்படி என்றால், பஞ்சத்தையும் ரேஷனையும் பார்த்த குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் நாம் வேலைக்குப் போன நாட்களில் அந்தச் சோறு உடம்பில் தங்கவில்லை. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் டன்லப், சைக்கிள் கம்பெனி, 1960-களில் எழுந்த தொழிற்பேட்டை என்று ஷிப்டு முடியும் நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிள்தான். திருமுல்லைவாயிலிலிருந்து எஸ்டேட்டுக்கு நானும் மிதித்தேன். கேன்டீன் சாப்பாட்டை அந்த மிதியே எரித்துவிடும். பிறகு ஸ்கூட்டர் வந்தது, கம்பெனி பஸ் வந்தது. ஓய்வும் வந்தது. தட்டு மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது. சென்னையில் வயது வந்தோரிடையே சர்க்கரை நோய் 1989-இல் 8.3 சதவீதம். 2004-இல் அது 14.3 சதவீதம்.

இதற்கு வழியும் சென்னையிலேயே கண்டார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேர் நோயாளிகளானார்கள். சோற்றையும் எண்ணெயையும் குறைத்து, சர்க்கரையைத் தவிர்த்து, நாளும் அரை மணி நேரம் நடக்கும்படி சொல்லப்பட்டவர்களில் அது 39 சதவீதம்தான். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. பயன் பெற்ற அந்தக் கூட்டத்தினரின் எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷினில் முள் அசையவில்லையே என்று பத்தே நாளில் நடையை விட்டுவிடும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முள் நின்ற இடத்திலேயே நின்றாலும் உள்ளே உடம்பு நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே என்னை நானே திட்டிக்கொள்வதை விட்டுவிட்டேன். "மிச்சம் வைக்காதே" என்பது பேராசையின் குரல் அல்ல. பசியைப் பார்த்த அம்மாவின் குரல். அந்தக் குரலோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஆனால் அது போட்டதைத்தான் வீணாக்காதே என்றது, நிறையப் போடு என்று சொல்லவில்லையே! இப்போது சின்னத் தட்டில் ஒரு கரண்டி சோறு குறைவாகவும் காய் கூடுதலாகவும் போட்டுக்கொள்கிறேன். பேரனுக்கும் முதலில் கொஞ்சம்தான். வேண்டுமென்றால் மறுபடி கேட்பான். வாரம் இரண்டு நாள் ராத்திரிக்குக் களி திரும்ப வந்திருக்கிறது.

தட்டில் இப்போதும் நான் மிச்சம் வைப்பதில்லை. அம்மா இருந்தால் குறை சொல்லமாட்டாள்.