பசிக்குத் தந்த முதன்மை: விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து ஒரு வாதம்

மனித உயிர் பிற உயிர்களைவிட மேலானதா என்ற வினா பெரும்பாலும் ஊர் பேர் இல்லாமலேயே விவாதிக்கப்படுகிறது. வாழ்ந்து தழைக்கும் உரிமையில் எல்லா உயிர்களும் கொள்கையளவில் சமம் என்று மெய்யியலாளர் ஆர்னே நேஸ் 1973இல் எழுதினார். வலியை உணரும் ஆற்றலே அளவுகோல் என்று மற்றொரு மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 1975இல் வாதிட்டார். விருத்தாசலம் - நெய்வேலி வட்டாரத்திலோ இந்த வினாவுக்கு ஊரும் உண்டு, தேதியும் உண்டு.

விருத்தாசலத்துச் செராமிக் தொழில், நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்தது. அந்தக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் மெல்லிய தோலாகப் பிடிக்கிறது. போதிய கனம் சேர்ந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்து சுருங்கிய பொம்மையை அச்சிலிருந்து பிரிக்கிறார்கள். அதன் பிறகுதான் சூளை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் இந்தக் கைவேலையை நான் எளிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் களிமண் கிடந்த இடத்துக்கு மேலே உயிருள்ள நிலம் இருந்தது. அந்தச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதைப்போல் பல மடங்கு மண்ணை அகற்றியாக வேண்டும். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1956இல் நெய்வேலிச் சுரங்க நிறுவனம் தொடங்கிய நாள்முதல் இதற்கெல்லாம் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: மனிதத் தேவை.

அந்த நியாயத்தைச் சோதிக்கும் கருவி பக்கத்திலேயே இருக்கிறது. வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலில் இந்த வினாவைக் கூச்சமின்றி எதிர்கொள்கிறார். எல்லா உயிரும் இரக்கத்துக்கு உரியவை என்பவர், மனிதப் பிறப்பே உயர்ந்தது என்றும் சொல்கிறார். மரமும் நெல்லும் புல்லும் உயிர்தாமே, அவற்றை உண்பது கொலையாகாதா என்ற தடையை அவரே எழுப்பிக்கொள்கிறார். வித்தையும் காயையும் கனியையும் இலையையும் கொள்வது நகமும் மயிரும் களைவதை ஒத்தது என்பது அவர் விடை. பிற உயிர்களுக்கு ஊழின்படியே உணவு கிடைத்துவிடுகிறது, மனிதரோ முயன்றும் தேட வேண்டியிருக்கிறது, ஆகவே மனிதரின் பசி தீர்ப்பதே முதன்மையான கடமை என்கிறார். இந்த வாதத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். மனிதருக்கு அவர் முன்னுரிமை தருவது பசியின் பெயரால். பசிக்காகக்கூட, உயிரை மாய்க்காமல் எடுக்கக்கூடியதையே எடுக்க அனுமதிக்கிறார். பசிக்கு அப்பாற்பட்ட எதற்கும் அந்த அனுமதி தானாக நீள்வதில்லை. அதைத் தனியாக நிறுவியாக வேண்டும் என்பதே என் வாதம்.

தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்குகிறது. அதை மனிதனின் பட்டயமாக மேடைகளில் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது அறிவின் வகைப்பாடு மட்டுமே. யார் யாரை அழிக்கலாம் என்ற பட்டியல் அல்ல.

2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெய்வேலியின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்டுவதற்கு, காவல்துறைப் பாதுகாப்போடு விளைநிலத்தில் இயந்திரங்கள் இறங்கின. வயலில் நெல் பச்சையாக நின்றது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி வேதனையோடு கேட்டார். மனிதனா, பயிரா என்ற போட்டியே அங்கு இல்லை. அந்த நெல் மனிதரின் உணவு. அதை விளைவித்தவரும் மனிதர். அங்கே மனிதத் தேவை என்ற பெயரில் வென்றது ஒரு பணித்திட்டத்தின் கால அட்டவணை. இது என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது: மனித மேன்மை என்ற கொள்கை நடைமுறையில் மனிதர் அனைவருக்கும் துணை நிற்பதில்லை. அதைச் சொல்லும் வலுவுள்ளவருக்கே அது துணை நிற்கிறது.

மின்சாரமும் தேவைதானே என்று மறுக்கலாம். வலுவான மறுப்புதான். மருத்துவமனைக்கும் கிணற்று மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டும். பசியைத் தீர்க்கும் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி. ஆனால் அந்த மறுப்பு நிறுவுவது மின்சாரத்தின் தேவையை மட்டுமே. இந்த வயலை, இந்த வாரத்தில், இந்த முறையில் அழிக்க வேண்டும் என்பதை அது நிறுவுவதில்லை. தேவை பெரிதாக இருப்பதனாலேயே அதற்குச் செய்யப்படும் ஒவ்வொரு செயலும் நியாயமாகிவிடாது.

சட்டம் இங்கே பாதி வழி வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உடைய சட்ட ஆளாக அறிவித்தார். அந்த வழக்கு வனநிலத்துக்குப் பட்டா கொடுத்ததைப் பற்றியது. அடுத்த ஆண்டு வளையமாதேவி வழக்கில் நீதிமன்றம் வகுத்த இழப்பீடு ஏக்கருக்கு 40,000 ரூபாய், பயிரிட்டவர்களுக்கு. உழவருக்கு அது நியாயமாகச் சேர வேண்டிய தொகைதான். ஆனால் சட்ட ஆளாக அறிவிக்கப்பட்ட இயற்கைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அறிவிப்பு உயர்ந்த தளத்தில் நிற்க, அழிவு ஏக்கர் ஏக்கராக நடக்கிறது. எனவே அறிவிப்பைவிடச் சிறிய ஒன்றையே நான் கேட்பேன். விளைநிலம் கையகப்படுத்தும் ஒவ்வோர் ஆணையிலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: அங்கு நிற்கும் பயிரின் அறுவடை நாள், அந்த நிலத்தின் நீர்வழியை அண்டி வாழும் உயிர்கள் எவை, அறுவடைக்கு முன்பே இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு எழுத்தில் கொடுத்த காரணம். காரணம் காட்ட முடியாத இடத்தில் இயந்திரம் நிற்கட்டும்.