ஐந்து பேரைத் தேடிய நாடு

ஈஸ்டர் வாரம் வந்துவிட்டால் நார்வேயின் நகரங்களில் ஆளரவம் குறைந்துவிடும். மலைக் குடிலுக்குப் போவது, பகலெல்லாம் பனியில் சறுக்குவது, வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பது, இரவில் துப்பறியும் நாவல் படிப்பது என்று அங்கே குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாவல் படிக்கும் பழக்கம் 1923இல் தொடங்கியது என்பார்கள். அந்த ஆண்டு, பெர்கன் ரயில் கொள்ளையடிக்கப்பட்டதைப் பற்றிய ஒரு நாவலின் விளம்பரம் நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தி போலவே அச்சானது. பலர் அதை உண்மை என்றே நம்பிவிட்டார்கள்.

1992 ஈஸ்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மலைக்குப் போகவில்லை. ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள லில்லஸ்ட்ரோமில், ஸ்கெட்ஸ்மோ விளையாட்டரங்குக்கு ஆளுக்கொரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டெட்லைன், குரூசேடர்ஸ் என்ற இரண்டு குழுக்களின் பையன்கள் நடத்திய அந்தக் கூடுகைக்கு 'தி கேதரிங்' என்று பெயர். நார்வேயின் கணினி விளையாட்டு அணிகளின் கதையைக் கோப்பைகளிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அணிகளுக்கு முன்னால் ஓர் அரங்கு இருந்தது. அரங்கு இல்லாவிட்டால் அணிகள் இல்லை.

லில்லஸ்ட்ரோமுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் விளையாட வந்தவர்கள் அல்லர். அவர்கள் 'டெமோ' எழுதுகிறவர்கள். அமிகா, கமடோர் 64 போன்ற கணினிகளின் சொற்ப நினைவகத்துக்குள் ஓவியத்தையும் இசையையும் அசைவையும் நிரல் வழியாகவே அடைத்து, சில நிமிடக் காட்சியாக ஓட்டிக் காட்டுவது அந்தக் கலை. நார்வேக்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். அதே 1992இன் கடைசியில் டென்மார்க்கில் நடந்த 'தி பார்ட்டி' கூடுகையில் முதலிடம் பெற்ற 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்', ஸ்பேஸ்பால்ஸ் என்ற நார்வேக் குழுவின் படைப்பு. பணத்துக்காக யாரும் இதைச் செய்யவில்லை. புனைபெயர், குழுப்பெயர், மேடையில் பெரிய திரை, அரங்கின் கைதட்டல் ஆகியவையே அவர்களுக்குப் போதுமாக இருந்தன. பின்னால் வந்த விளையாட்டு அணிகள் இந்த நான்கையும் அப்படியே எடுத்துக்கொண்டன.

1996இல் கேதரிங் ஹாமாருக்கு இடம்பெயர்ந்தது. நார்வேயின் மிகப் பெரிய ஏரியான மியோசாவின் கரையில் இருக்கிறது ஹாமார். லில்லஹாமர் 1994 குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்குப் போட்டிகளுக்காக அங்கே ஓர் அரங்கைக் கட்டியிருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட வைக்கிங் மரக்கலத்தின் அடிப்பாகம் போன்ற கூரை. அதைத் தாங்குபவை, மரப்பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த பிரம்மாண்டமான வளைவுகள். உள்ளே நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. யோஹான் ஊலாவ் கோஸ் அங்கே 1500, 5000, 10000 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார், மூன்றிலும் உலக சாதனை படைத்தார். ஒலிம்பிக் முடிந்ததும் இப்படிப்பட்ட கட்டடங்களை என்ன செய்வதென்று பல நாடுகள் திகைத்து நிற்கும். ஹாமாரில் இரண்டே ஆண்டுகளில் 400 மீட்டர் சறுக்குத்தடத்தின் பரப்பு முழுவதும் மேசைகள் வரிசை கட்டின.

அந்த மேசைகளுக்குக் கீழே நடந்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரையும் கணினியும் சேர்ந்து 300 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐயாயிரம் பேருக்கு ஒன்றரை மெகாவாட் மின்சாரம் வேண்டும். அத்தனை கணினிகளையும் ஒரே வலைப்பின்னலில் கோக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் சுவிட்ச், ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் நடுமையத்துக்குக் கேபிள். ஐந்து நாள் ஓடிய பிறகு அவ்வளவையும் கழற்றிச் சுருட்ட வேண்டும். இதையெல்லாம் செய்தவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். 'கண்டு' என்ற இளைஞர் அமைப்பின் பெயரில் அந்த வேலை இன்றும் நடக்கிறது. வலைப்பின்னலைக் கண்காணிக்க இவர்களே 'கொண்டுல்' என்று ஒரு மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே விளையாடியிருக்கலாமே, இவ்வளவு பாடு எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். தொண்ணூறுகளின் நார்வேயில் வீட்டு இணையம் என்றால் தொலைபேசி மோடம், அல்லது ஐஎஸ்டிஎன். ஒரு தடத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட். நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும். வேகத்தைவிடப் பெரிய தொல்லை தாமதம். நீங்கள் சுட்ட செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப மோடத்தில் 200, 300 மில்லிநொடி ஆகிவிடும். அதற்குள் எதிரி சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பான். இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் 'பிங்' என்கிறார்கள். அரங்கின் உள்வலையில் அது பத்து மில்லிநொடிக்கும் கீழே. அங்கே தோற்றவனால் லைனைக் குறை சொல்ல முடியாது. யார் கை வேகம், யார் கண் கூர்மை என்பது அங்கேதான் தெரிந்தது. இருபது கிலோ திரையை ரயிலில் தூக்கிவந்ததற்கு அது தக்க பலன்.

1999 ஜூனில் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டின் முதல் சோதனைப் பதிப்பு வெளியானது. கனடாவில் மாணவராக இருந்த மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற நண்பருடன் சேர்ந்து, வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மேல் கட்டியது அது. இலவசமாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வால்வ் இருவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது, 2000 நவம்பரில் பெட்டியில் அடைத்துக் கடைக்கு அனுப்பியது.

இதற்கு முன் கோலோச்சிய குவேக் என்ற விளையாட்டில் ஒற்றைக்கு ஒற்றை மோதலே பெரிதாகப் பேசப்பட்டது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கை ஒருவன் தனியாக வெல்ல முடியாது. ஒரு பக்கம் ஐந்து பேர் குண்டு வைக்க வருவார்கள், மறுபக்கம் ஐந்து பேர் தடுப்பார்கள். செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் பணத்தில்தான் அடுத்த சுற்றுக்குத் துப்பாக்கி வாங்க முடியும். ஆகவே எப்போது செலவழிப்பது, எப்போது சேமிப்பது என்பதை ஐவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். யாரோ ஒருவர் தலைமையேற்றுக் குரல் கொடுக்க வேண்டும், மற்ற நால்வரும் கேள்வி கேட்காமல் ஓட வேண்டும். ஐந்து பேர் ஒரே தரத்தில், ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் நம்புகிறவர்களாகக் கிடைப்பதுதான் இந்த விளையாட்டின் உண்மையான கஷ்டம்.

'கிளான்' என்று அழைக்கப்பட்ட அந்த அணிகள் மிக எளிதாகப் பிறந்தன. ஐஆர்சி அரட்டையில் ஓர் அறை, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள ஒரு குறி, வாடகைக்கு ஒரு சர்வர், அவ்வளவுதான். அதைவிட எளிதாகச் செத்தன. ஒருவன் தேர்வுக்குப் படிக்கப் போவான், ஒருவனுக்கு ராணுவப் பணிக்கு ஓலை வரும், இருவர் சண்டை போட்டுப் பிரிவார்கள். அரங்கிலே ஒன்றாக உட்கார்ந்த பிறகுதான் பல அணிகள் உருப்படியாயின. திரையில் பெயராக மட்டும் தெரிந்த ஒருவன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, தோற்ற பிறகும் எழுந்து போகாமல் இருந்தால், அவனோடு அடுத்த ஆண்டும் விளையாடலாம் என்ற நம்பிக்கை வரும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நார்வேயில் பேசப்பட்ட கிளான்களில் ஒன்று 'இயோலித்திக்'. அதில் விளையாடிய ஓலா மோவும், 'எலிமென்ட்' என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். அக்காலத்து நார்வேயின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனவர் யாரென்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். அணியை வழிநடத்தும் தலை அவருக்கு. ஸ்வீடன் வீரர்களின் கோட்டையாக இருந்த எஸ்கே கேமிங் அணியே அவரைச் சேர்த்துக்கொண்டது என்றால் அவர் தரம் புரியும்.

ஸ்வீடனின் நிழலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1998இல் ஸ்வீடன் அரசு, தொழிலாளர்கள் தங்கள் நிறுவனம் வழியாக வரிச்சலுகையோடு வீட்டுக்குக் கணினி வாங்கிக்கொள்ள வழி செய்தது. லட்சக்கணக்கான வீடுகளில் பிள்ளைகள் கைக்குக் கணினி எட்டியது. ஹாமாருக்கு இணையாக அங்கே ட்ரீம்ஹாக் என்ற கூடுகை வளர்ந்துகொண்டிருந்தது. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டல்லாஸில் சிபிஎல் அமைப்பு மொத்தம் 1,50,000 டாலர் பரிசோடு கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டி நடத்தியபோது, வென்றது 'நிஞ்ஜாஸ் இன் பைஜாமாஸ்' என்ற ஸ்வீடன் அணி. நார்வேயின் மக்கள்தொகை அப்போது 45 லட்சம், ஸ்வீடனுடையது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலகத்தரத்தில் ஆட ஸ்வீடனுக்கு ஐம்பது பேர் இருந்தார்கள் என்றால் நார்வேக்கு நான்கைந்து பேர். அவர்களில் ஒருவர் விலகினால் அவர் இடத்தை நிரப்ப உள்ளூரில் ஆள் இருக்காது.

எலிமென்ட் கண்ட வழி துணிச்சலானது. இயோலித்திக் காலத்துக்குப் பிறகு உருவான அவருடைய 'நோஆ' அணி, நார்வேக்காரர்களை நடுவில் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு எல்லைக்கு வெளியே ஆள் தேடியது. ஒரே நாடு, ஒரே மொழி என்பதே அன்று அணியின் இலக்கணம். தாய்மொழியில் கத்தினால்தான் அரை நொடிக்குள் புரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறென்று சொல்ல முடியாது. குண்டு எந்தப் பக்கம் என்பதை இரண்டாம் மொழியில் யோசித்துச் சொல்வதற்குள் சுற்றே முடிந்துபோகும். அதையும் மீறி 2004 டிசம்பரில் டெக்சாஸில் நடந்த சிபிஎல் குளிர்காலப் போட்டியில் நோஆ பட்டம் வென்றது. நார்வேயின் ஆரம்பகால அணிகள் எட்டிய மிக உயரமான படி இதுதான். பல நாட்டார் கலந்த அணியால் பெரிய போட்டியை வெல்ல முடியும் என்று அத்தனை காலத்துக்கு முன்பே செய்து காட்டிய அணிக்கு இன்னும் கூடுதலான மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குப் பிறகு நார்வேக்கு நீண்ட வறட்சி. அணிகள் வந்தன, கலைந்தன.

அந்த வறட்சிக்கு நடுவே, 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவிலும் உத்தோயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டார்கள். தீவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர் முகாமுக்கு வந்த பதின்வயதினர். கொலையாளி தன் அறிக்கையில் துப்பாக்கி விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தான். கூப் உள்ளிட்ட கடைகள் 'கால் ஆஃப் டியூட்டி' முதலான பல விளையாட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தன. துக்கத்தில் இருந்த நாட்டில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஹாமார் அரங்கில் ஈஸ்டர்தோறும் உட்கார்ந்த பிள்ளைகளும் உத்தோயாவில் இறந்த பிள்ளைகளும் ஒரே வயதினர், ஒரே பள்ளிகளில் படித்தவர்கள். ஒரு வெறியனின் செயலை வைத்து அந்த அரங்கை அளக்கக் கூடாது. அடுத்த ஈஸ்டருக்கும் ஹாமாரில் மேசைகள் போடப்பட்டன.

2014இல் ஒரு விசித்திரம் நடந்தது. போலந்தின் கட்டோவிட்சேயில் நடந்த, கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் உச்சப் போட்டியான மேஜரில் எல்ஜிபி என்ற நார்வே அமைப்பின் அணி அரையிறுதி வரை போனது. சட்டை நார்வேயுடையது, ஆடிய ஐவரும் ஸ்வீடன்காரர்கள். நோஆவின் பாதை தலைகீழாகத் திரும்பியது போல எனக்குப் பட்டது. அமைப்பை நடத்தவும் அணியைப் பேணவும் நார்வேயில் ஆள் உண்டு, ஐந்து வீரர்கள்தான் கிடைக்கவில்லை. அந்த ஐவரில் ஒலோஃப்மைஸ்டரும் கிரிம்ஸும் சில மாதங்களில் ஃப்னாட்டிக் அணிக்குப் போய் உலகப் புகழ் பெற்றார்கள்.

பள்ளிகள் விழித்துக்கொண்டது 2016இல். பெர்கன் பகுதியிலுள்ள கார்னெஸ் மேல்நிலைப் பள்ளி, கால்பந்து, கைப்பந்து போல இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கணினி விளையாட்டுப் போட்டியையும் ஒரு பாடமாக வைத்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டோடு உடற்பயிற்சியும் உண்டு. ராத்திரி விழித்தால் கண் கெடும் என்று பெற்றோர் கணினியைப் பிடுங்கிய காலத்திலிருந்து பார்த்தால் இது பெரிய தூரம்.

அதே ஆண்டு ஜனவரியில் ஹோவர் நியூகோர் என்ற நார்வே இளைஞர் ஃபேஸ் கிளான் அணிக்கு வந்தார். 'ரெயின்' என்பது அவர் புனைபெயர், 1994இல் பிறந்தவர். அணியில் பல நாட்டார். 2018 ஜனவரியில் பாஸ்டன் மேஜர் இறுதியாட்டத்தின் கடைசிக் களத்தில் ஃபேஸ் 15-11 என்று முன்னிலையில் இருந்தது. ஒரே ஒரு சுற்று எடுத்தால் கோப்பை. கிளவுட்9 அணி அங்கிருந்து மீண்டு, கூடுதல் ஆட்டங்களில் வென்றுவிட்டது. அந்தத் தோல்விக்குப் பிறகு அணியில் ஒவ்வொருவராக மாறினார்கள். ரெயின் போகவில்லை. 2022 மே மாதம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் டென்மார்க்கின் காரிகன், கனடாவின் ட்விஸ், எஸ்டோனியாவின் ராப்ஸ், லாட்வியாவின் புரோக்கி ஆகியோரோடு சேர்ந்து நாவி அணியை 2-0 என்று வீழ்த்தினார். பல நாட்டு வீரர்கள் கொண்ட ஓர் அணி மேஜர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. தொடரின் சிறந்த வீரர் விருதும் ரெயினுக்கே. பாஸ்டன் ஆட்டத்தை மறக்காதவர்களுக்கு அந்த இரவு நிச்சயம் கண் கலங்கியிருக்கும். எனக்குக் கலங்கியது.

கொரோனா காலத்தில் கேதரிங் இணையத்துக்குப் போனது, 2022 ஈஸ்டருக்கு மீண்டும் ஹாமாருக்குத் திரும்பியது. ரெயின் பட்டம் வென்றது அதற்கு அடுத்த மாதம். ஐந்து நார்வேக்காரர்கள் சேர்ந்து ஒரு மேஜர் கோப்பையைத் தூக்குவது இன்னும் நடக்கவில்லை.