சூடேறிய கொயிலும் சோர்ந்துபோகும் சத்தமும்

மீள்குடியேறிய பிறகு, கடன்பட்டு வாங்கிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடுதான் நான் ஒலிபெருக்கித் தொழிலைத் தொடங்கினேன். கடன் முடிய முன்னரே ஒரு கோயில் திருவிழாவில் இரண்டு வூபர்களும் எரிந்துபோயின. பின்னேரம் அதிர்ந்த சத்தம் இரவு பத்து மணிக்குச் சோர்ந்துவிட்டது. "தம்பி, சத்தம் காணாது" என்றார்கள். கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் காணாது என்றார்கள், திரும்பவும் கூட்டினேன். கடைசியில் கருகல் மணம் வந்தது. அம்பிளிபயரில்தான் பிழை என்று பலநாள் நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கரின் கோனுக்குப் பின்னால், காந்தத்தின் ஒடுங்கிய இடைவெளிக்குள் இருக்கும் கம்பிச் சுருள்தான் வொய்ஸ் கொயில். சாதாரண வூபருக்குப் போகும் மின்வலுவில் நூற்றுக்குச் சில பங்குதான் ஒலியாகிறது. மிச்சமெல்லாம் அந்தச் சுருளில் வெப்பமாகிறது. செப்புக் கம்பியின் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் அதன் தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரை ஆறியிருக்கும்போது மல்ரிமீற்றரால் அளந்தால் 6 ஓம் அளவில் காட்டும். கொயில் 200 பாகை செல்சியசை எட்டினால் அதுவே 10 ஓமை நெருங்கும். இது மிகைப்பட்ட கணக்கல்ல. பெரிய மேடை ஸ்பீக்கர்களின் கொயில்கள் அந்தச் சூட்டைத் தாங்கவே செய்யப்படுகின்றன.

அம்பிளிபயர் கொடுக்கும் வோல்ற்றளவு மாறாது. தடை கூடியதால் மின்னோட்டம் முன்பிருந்ததில் 60 சதவீதமளவுக்கு இறங்கும், சத்தம் 4 டெசிபெல் வரை குறையும். அந்த 4 டெசிபெலைத் திரும்ப எடுக்க இரண்டரை மடங்கு வலு வேண்டும். அதுவும் பெரும்பாலும் வெப்பமாகத்தான் போகும். தடை இன்னும் ஏறும். பசை இளகி, சுருள் குலைந்து, காந்தத்தில் உரசும். நான் செய்தது இதைத்தான்.

எல்லாச் சுரமும் ஒரே அளவில் குறைவதுமில்லை. கோன் இயல்பாக அதிரும் அடித்தொனியில், கொயிலின் அசைவே எதிர் வோல்ற்றளவை உண்டாக்குவதால் இம்பிடன்ஸ் ஏற்கெனவே பல மடங்கு உயர்ந்திருக்கும். அங்கே 4 ஓம் கூடினாலும் பெரிதாகத் தெரியாது. ஆகவே 'கும்' என்ற அடித்தொனி அப்படியே நிற்க, அதற்கு மேலுள்ள தொனிகள் தாழும். நடுச்சாமத்தில் அறிவிப்புகள் விளங்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். திட்டு வாங்குவது என்னவோ அறிவிப்பாளர்தான்!

பாட்டு நின்ற கையோடு வயரைக் கழற்றி மீற்றரை வைத்துப் பாருங்கள். இலக்கம் கண்முன்னே இறங்கும். ஆறியபோது 6 ஓமாக இருந்தது 7.2 ஓம் காட்டினால், கொயில் அந்த நேரத்தில் 50 பாகையளவு கூடுதலாகச் சூடேறியிருக்கிறது. அதைப் பார்த்துக் கொயில் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம், முழுதாக ஆறிய பிறகு அளக்க வேண்டும். கொயில் சில விநாடிகளில் காந்தத்தின் சூட்டளவுக்கு இறங்கிவிடும். காந்தம் ஆற அரை மணித்தியாலத்துக்கு மேலும் செல்லும். சின்ன இடைவேளை விட்டும் அடுத்த பாட்டிலேயே சத்தம் சோர்வது அதனால்தான்.

இப்போது என்னிடம் நான்கு பெட்டிகள். அதே வலு நான்கு கொயில்களுக்குப் பிரிகிறது. "காணாது" என்று சொன்னால் வொலியூமைத் தொடுவதில்லை, ஒரு பெட்டியைச் சனத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வைக்கிறேன். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் வரை கூடும். அதற்காகக் கொயில் ஒரு பாகைகூடச் சூடேறாது.