உப்பே படாத கருவாடு

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, லோஃபோட்டன் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. பிப்ரவரியில் தொடங்கி மே வரை அங்கே எந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போனாலும் வரிசை வரிசையாக மரப் பந்தல்கள் நிற்கும். பந்தல் முழுக்க மீன். தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலோடு வால் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காட் மீன். நமக்கு காட் லிவர் ஆயில் மாத்திரையாக மட்டும் அறிமுகமான அதே மீன்தான்.

இந்த மீனுக்கு உப்புத் தடவுவதில்லை. புகை போடுவதில்லை. அடுப்பு, இயந்திரம் எதுவும் கிடையாது. காற்று காய வைக்கிறது, அவ்வளவுதான். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ மீனை இப்படித் தொங்கவிட்டால் மறுநாளே நாறிவிடும். நம் வெயிலில் உப்பு இல்லாமல் கருவாடு போடுவது கடினம். லோஃபோட்டன் இருக்கும் இடத்துக்கு அங்கே கடுங்குளிர் அடிக்க வேண்டும். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் அந்தக் கரையை உரசிக்கொண்டு போவதால், குளிர்காலக் கடைசியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே ஊசலாடும். அதைவிடக் குளிர்ந்தால் மீன் உறைந்து, சதை பிளந்து, பஞ்சாகிவிடும். கொஞ்சம் சூடானால் ஈ வந்து முட்டை வைக்கும். இரண்டும் இல்லாத அந்தச் சில மாதங்களில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

மீனும் சரியாக அந்த மாதங்களில்தான் வருகிறது. பேரன்ட்ஸ் கடலில் வளர்ந்து முதிர்ந்த காட், முட்டையிடுவதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் லோஃபோட்டனுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். இப்படி வரும் மீனை அங்கே ‘ஸ்க்ரெய்’ என்கிறார்கள். நீந்தி நீந்திச் சதை இறுகியிருக்கும். கொழுப்பெல்லாம் ஈரலில் இருப்பதால் சதையில் எண்ணெய்ப் பிசுக்கு குறைவு. காய்வதற்கு இதைவிடத் தோதான மீன் கிடைக்காது. இரண்டு மூன்று மாதம் பந்தலில் தொங்கி, பிறகு இன்னும் இரண்டு மூன்று மாதம் கிடங்குக்குள் பதமாகி இறங்கும்போது, ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுண்டியிருக்கும். தட்டினால் விறகு மாதிரி ஓசை எழும். ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

கெடாத பொருளுக்குக் கால் முளைத்துவிடும். ஜெர்மனியின் வடக்கில் ஹைதாபு என்று ஒரு வைக்கிங் காலத் துறைமுகம் இருந்தது. அங்கே குப்பையில் கிடைத்த ஆயிரம் வருடப் பழைய காட் எலும்புகளின் மரபணுவைச் சோதித்து, அவை வட நார்வேக் கடலின் மீன்கள் என்று 2017இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆக, வைக்கிங்குகள் காலத்திலேயே இந்தக் கருவாடு கப்பலேறிவிட்டது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஸ்டைன் என்ற நார்வே மன்னர், லோஃபோட்டனுக்கு மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கக் குடிசைகள் கட்டிக் கொடுத்தார். தர்ம சிந்தனை மட்டுமே காரணம் என்று நம்ப வேண்டியதில்லை. மீன் வந்தால் வரியும் வரும்.

14ஆம் நூற்றாண்டில் பேர்கன் நகரத் துறைமுகத்தில் ஹான்ஸா எனப்படும் ஜெர்மன் வணிகர் கூட்டமைப்பு கடை விரித்தது. வடக்கேயிருந்து மீனவர்கள் கோடையில் படகு படகாகக் கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானியமும் மாவும் வாங்கிப் போவார்கள். வடக்கே கம்பும் விளையாது, கோதுமையும் விளையாது. எனவே அடுத்த வருட மீனுக்கு இந்த வருடமே தானியம் கடன். அடுத்த வருடம் மீன் குறைந்தால் கடன் ஏறும். கடன் இருக்கும்வரை வேறு வணிகரிடம் போக முடியாது. பேர்கனில் பிரிக்கன் என்ற துறைமுகத் தெருவில் அந்த மரக் கிடங்குகளின் வரிசை இன்றும் இருக்கிறது. 1979 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அழகான முகப்புகள்தான். அவற்றின் பின்னால் இருந்தது கடன் புத்தகம்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்துக்குள் ஓர் இத்தாலியர் கரை ஒதுங்குகிறார். கருவாட்டின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நான் கொஞ்சம் தாமதித்தே அவரை அழைத்து வருகிறேன்.

பியெத்ரோ குவெரினி, வெனிஸ் நகரப் பிரபு. 1431 ஏப்ரலில் கிரீட் தீவிலிருந்து 68 பேரோடு கப்பலேறினார். சரக்கு மால்வாசியா திராட்சை மதுவும் மசாலாப் பொருள்களும். போக வேண்டிய இடம் ஃப்ளாண்டர்ஸ். ஸ்பெயின் கரையில் பாறையில் மோதிப் பழுதுபார்க்கவே நாளாயிற்று. பிறகு அட்லாண்டிக் புயல் பிடித்துக்கொண்டது. சுக்கான் உடைந்தது, பாய்மரம் போயிற்று, கப்பல் அயர்லாந்துக்கு மேற்கே எங்கோ அலைந்தது. டிசம்பரில் கப்பலைக் கைவிட்டு இரண்டு படகுகளில் இறங்கினார்கள். சிறிய படகு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. பெரிய படகில் இருந்தவர்கள் பசியிலும் தாகத்திலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். குடிநீர் தீர்ந்ததும் மதுவைக் குடித்துச் சமாளித்தார்கள், பிறகு அதுவும் தீர்ந்தது. 1432 ஜனவரியில் ரோஸ்ட் தீவுக்கு அருகே, ஆள் இல்லாத ஒரு பனித்திட்டில் படகு தட்டியது. ரோஸ்ட் என்பது லோஃபோட்டன் வரிசையின் கடைசித் துண்டு. அதற்கு அப்பால் கடல்தான். படகு மரத்தை எரித்துக் குளிர்காய்ந்து, சிப்பியைச் சுரண்டித் தின்று, ஏறக்குறைய ஒரு மாதம் கிடந்தார்கள். பிப்ரவரியில் ரோஸ்ட் மீனவர்கள் கண்ணில் பட்டபோது மிச்சமிருந்தவர்கள் 11 பேர்.

ரோஸ்டில் அப்போது 120 பேர் வாழ்ந்தார்கள். வந்தவர்களைத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்து மே மாதம் வரை சோறு போட்டார்கள். பேச்சுக்கு வழி? அந்த ஊர்ப் பாதிரியார் ஜெர்மானியர். அவருக்கு லத்தீன் தெரிந்திருந்தது. குவெரினி நாடு திரும்பிய பிறகு எழுதிய குறிப்பில் அந்த மக்களைப் பற்றிய பகுதிதான் எனக்குப் பிடித்தது. வீடுகளுக்குப் பூட்டு கிடையாது என்று வியக்கிறார். அந்நியர்கள் வீட்டுக்குள் இருக்கும்போதே கணவன்மார் கவலையில்லாமல் மீன்பிடிக்கப் போகிறார்கள் என்று வியக்கிறார். வெனிஸ்காரர் வியப்பதிலிருந்து வெனிஸ் எப்படி இருந்தது என்பதும் தெரிகிறது.

கருவாட்டையும் அவர் எழுதியிருக்கிறார். காற்றிலும் வெயிலிலும் உப்பில்லாமல் காய்ந்து மரம்போல் ஆகிவிடுகிறது, தின்ன வேண்டுமானால் கோடாலியின் பின்புறத்தால் அடித்து நாராக்கி, வெண்ணெயும் மசாலாவும் சேர்க்கிறார்கள் என்கிறார். கூடவே ஒரு தகவல்: அங்கே மீன்தான் காசு. பேர்கனுக்குக் கொண்டுபோய், பல தேசத்துக் கப்பல்களில் வரும் தோலுக்கும் துணிக்கும் இரும்புக்கும் தானியத்துக்கும் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஊருக்குப் புறப்பட்டபோது ரோஸ்ட் மக்கள் 60 கருவாடு கொடுத்தனுப்பினார்கள் என்றும், அதை எடுத்துப்போய் இத்தாலிக்கு அறிமுகம் செய்தவர் குவெரினிதான் என்றும் இன்று ரோஸ்டிலும் சொல்கிறார்கள், வெனிஸ் பக்கத்திலும் சொல்கிறார்கள். சுற்றுலாவுக்கு நல்ல கதை. ரோஸ்டில் 2012இல் இதை ஓபராவாகவே மேடையேற்றினார்கள். ஆனால் குவெரினியின் குறிப்பே அந்தக் கதைக்கு எதிர்ச்சாட்சி. பல தேசத்துக் கப்பல்கள் பேர்கனுக்கு வந்து மீன் ஏற்றிக்கொண்டிருந்தன என்று அவரே எழுதும்போது, அவர் எதைக் கண்டுபிடித்தார்? அவரும் அவருடைய ஆட்களும் ஸ்வீடன் வழியாகச் சுற்றி வெனிஸ் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆயிற்று. கொண்டுபோன கருவாட்டில் பெரும்பங்கை வழியிலேயே தின்றிருப்பார்கள் அல்லது விற்றிருப்பார்கள் என்பது என் ஊகம். மேலும், குவெரினி திரும்பிய மறுவருடமே இத்தாலியர்கள் வரிசையில் நின்று கருவாடு வாங்கியதாகத் தெரியவில்லை. அதற்கு இன்னொரு நூற்றாண்டு பிடித்தது.

அந்த வேலையைச் செய்தது கத்தோலிக்கத் திருச்சபை. லூதரின் கலகத்துக்குப் பதில் தேடி 1545 முதல் 1563 வரை, இத்தாலியின் வடக்கில் ட்ரென்ட் நகரத்தில் பேரவை கூடியது. சீர்திருத்தக்காரர்கள் கேலி செய்த நோன்புகளையும் புலால் மறுக்கும் நாள்களையும் அந்தப் பேரவை விட்டுக்கொடுக்காமல் உறுதிப்படுத்தியது. வெள்ளிக்கிழமைகள், தவக்காலம் என்று வருடத்தில் பெரும் பகுதி இறைச்சி கூடாது, மீன் கூடும். கடலோரத்தில் இருப்பவனுக்கு அது கஷ்டமில்லை. மலையடிவாரத்தில், பனிக்கட்டியும் ரயிலும் இல்லாத காலத்தில், நாறாத மீனுக்கு எங்கே போவது? அதே பேரவைக்கு வந்தவர்களில் ஒலாவுஸ் மாக்னுஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பேராயரும் ஒருவர். சொந்த நாடு லூதர் பக்கம் போய்விட்டதால் ரோமில் அகதியாக இருந்தவர். வடநாட்டு மக்களைப் பற்றி 1555இல் ரோமில் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்தக் கருவாடும் வருகிறது. தேவை இங்கே, சரக்கு அங்கே, இரண்டையும் அறிந்தவர்கள் ஒரே ஊரில். இதில் ஒரு வேடிக்கை: மீன் பிடித்துக் கொடுத்த நார்வே அதற்குள் லூதரன் நாடாகிவிட்டது. கத்தோலிக்கர்களின் நோன்பை வைத்து லூதரன்கள் சம்பாதித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இத்தாலியில் இந்தக் கருவாட்டுக்காகப் பைத்தியமாக இருக்கும் ஊர்களைக் கவனித்தால் பல ஊர்களுக்குக் கடற்கரை கிடையாது என்பது புரியும். தெற்கே கலாப்ரியாவில் மலைமேல் இருக்கும் மம்மோலா என்ற சிற்றூர், தன் மலை ஊற்றுநீரில் ஊறவைத்தால்தான் கருவாடு கருவாடாகும் என்று சாதிக்கிறது. அங்கே மீனின் இரைப்பையைக்கூட விடாமல் உள்ளே பூரணம் அடைத்துச் சமைக்கிறார்கள். வடக்கே விச்சென்சா. அந்தப் பகுதி மக்கள் கருவாட்டை ‘பக்கலா’ என்பார்கள். இத்தாலியின் மற்றப் பகுதிகளில் அதே பெயர் உப்புக்கண்டம் போட்ட காட் மீனைக் குறிக்கும். விச்சென்சாக்காரரிடம் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டுப் பார்க்கலாம், நேரம் நிறைய இருந்தால்.

அவர்கள் பக்குவம் இது. கருவாட்டை அடித்து நெகிழ்த்தி, நாள்தோறும் தண்ணீர் மாற்றிச் சில நாள் ஊறவைத்து, முள் நீக்கிக்கொள்கிறார்கள். வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்கி, உப்பிட்ட மத்தி மீனை அதில் கரைக்கிறார்கள். மீனில் மாவும் பாலாடைக்கட்டித் துருவலும் தூவி, சட்டியில் நெருக்கமாக அடுக்கி, வெங்காயக் கலவையைப் போட்டு, பாலையும் மீன் மூழ்கும் அளவுக்கு எண்ணெயையும் ஊற்றுகிறார்கள். சிறு தீயில் நாலரை மணி நேரம். கரண்டி போடக் கூடாது, சட்டியைத்தான் அசைக்கலாம். மீனும் பாலும் ஒரே சட்டியில் சேர்வது நம்மில் பலருக்கு ஒப்பாது. ஆனால் நாலரை மணி நேரத்துக்குப் பிறகு அதில் பால் எது, எண்ணெய் எது என்று பிரிக்க முடியாது. மக்காச்சோள மாவுக் களியோடு தின்பார்கள். இந்தப் பக்குவம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே விச்சென்சாவுக்கு அருகே சந்த்ரீகோ என்ற ஊரில் 1987இல் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். அங்கி போர்த்திய உறுப்பினர்கள் கூட, செப்டம்பர் தோறும் அந்த ஊரில் கருவாட்டுத் திருவிழா. ரோஸ்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இரண்டும் சகோதர ஊர்கள்.

இந்த நாக்குகள் எல்லாம் லோஃபோட்டனில் ஒருவருக்கு மனப்பாடம். அவர் பெயர் ‘வ்ராக்கர்’, அதாவது தரம் பிரிப்பவர். கிடங்கில் ஒவ்வொரு மீனாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, தடவி, முகர்ந்து, ஏறக்குறைய இருபது தரங்களில் ஒன்றில் போடுவார். நீளம், தடிமன், உறைபனி தாக்கிய வடு, இரத்தக் கறை, பறவை கொத்திய தழும்பு எல்லாமே கணக்கு. உயர்ந்த தரத்துக்கு ‘ரக்னோ’ என்று பெயர். இன்னும் சில தரங்களின் பெயரில் பிரெமனும் ஹாலந்தும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய வாடிக்கையாளர்களின் நினைவு. இந்த வேலைக்கு இன்னும் இயந்திரம் வரவில்லை. என்னைக் கேட்டால், குவெரினிக்கு வைத்திருக்கும் நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத வ்ராக்கர்களுக்கும் ஒன்று வைக்க வேண்டும். இத்தாலியர்கள் வாங்கியது இவர்களுடைய மூக்கை நம்பித்தான்.

வெட்டிய தலைகள் வீணாவதில்லை. முதலில் நாக்கை அறுத்தெடுப்பார்கள். லோஃபோட்டனில் அது பள்ளிப் பிள்ளைகளின் வேலை. ஆணியில் தலையைக் குத்தி, கத்தியால் ஒரே இழுப்பு. விற்ற காசு அவர்களுக்கே. பிறகு தலைகளைக் கோத்துத் தனிப் பந்தலில் காயவிடுகிறார்கள். அவை நைஜீரியாவுக்குப் போகின்றன. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின் பட்டினியில், நிவாரணமாக விமானத்தில் போன உணவுகளில் நார்வேக் கருவாடும் இருந்தது. புரதம் நிறைந்தது, குளிர்பெட்டி வேண்டாம். போர் முடிந்தும் அந்த ருசி போகவில்லை. இன்று தெற்கு நைஜீரியாவில் கருவாடு போடாத குழம்புக்கு விசேஷ வீட்டில் மரியாதை குறைவு.

லோஃபோட்டன் கருவாட்டுக்கு 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ருசி பார்க்க நினைப்பவர்கள் அவ்வளவு வடக்கே போக வேண்டியதில்லை. வெனிஸில் கால்வாயோரச் சிறு மதுக்கடைகளில், வேகவைத்த கருவாட்டை ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய் பதத்துக்கு அடித்து, களித் துண்டின் மேல் வைத்துக் கொடுப்பார்கள். ‘மந்தெக்காத்தோ’ என்று கேளுங்கள். உப்புக்கண்டத்திலும் சிலர் அதைச் செய்கிறார்கள். எதில் செய்தது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.